1-0-1

அம்மாவின் தைராய்டு ரிப்போர்ட்டைப் பார்த்து டாக்டர் இரண்டாவது முறையாக அளவைக் கூட்டியபோதுகூட எனக்குச் சந்தேகம் வரவில்லை. முதலில் 75 மைக்ரோகிராம் மாத்திரை. டிஎஸ்எச், அதாவது உடம்பில் தைராய்டு குறைந்தால் ஏறி, கூடினால் இறங்கும் எண், 8.4 என்று வந்தது, 100 ஆக்கினார். நான்கு மாதம் கழித்து 7.9, 125 ஆக்கினார். அப்புறமும் ஆறுக்குக் கீழே இறங்கவில்லை.

"வயசாகுதுல்ல, உடம்பு மருந்துக்குக் கேக்க மாட்டேங்குது" என்றாள் அம்மா. நானும் தலையாட்டினேன். பட்டுக்கோட்டையில் இருபத்து மூன்று வருடமாக மருந்துக்கடைக் கவுண்டரில் நிற்கிறேன், டி.ஃபார்ம் படித்தவள் வேறு. தலையாட்டினேன் என்பதை எழுதவே கூச்சமாக இருக்கிறது.

போன மார்கழியில் இரண்டு நாள் அம்மா வீட்டில் தங்கினேன். காலை ஐந்தரை மணி. அடுப்படியில் டிகாஷன் வாசனை. அம்மா அலமாரியிலிருந்து மாத்திரையை எடுத்து வாயில் போட்டு, டம்ளரில் நுரைத்துக்கொண்டிருந்த காபியின் முதல் மடக்கோடு விழுங்கினாள்.

"என்னம்மா பண்ற?"

"வெறும் வயித்துலதானே போடச் சொன்னாங்க? வெறும் வயிறுதானே?"

அம்மா காபியைச் சாப்பாட்டுக் கணக்கில் சேர்த்ததே இல்லை. அந்த மாத்திரைக் கவரின் மேல் பால்பாயிண்ட் பேனாவால் 'வெறும் வயிற்றில்' என்று எழுதிக் கொடுத்தது வேறு யாருமில்லை, நான்தான்.

அந்தக் கவரைப் பற்றித்தான் இந்தப் பதிவு. டாக்டர் சீட்டில் ஓடி, பிடி, டிடிஎஸ், ஹெச்எஸ் என்று எழுதுவார். எல்லாம் லத்தீன் வார்த்தைகளின் சுருக்கம். நாளுக்கு ஒன்று, நாளுக்கு இரண்டு, நாளுக்கு மூன்று, படுக்கப் போகும்போது. எஸ்ஓஎஸ் என்று எழுதினால் மூழ்கும் கப்பல் என்று நினைக்க வேண்டாம், 'தேவைப்பட்டால்' என்று அர்த்தம். நாங்கள் அதைக் கவரில் 1-0-1 என்று மாற்றி எழுதுகிறோம். காலை ஒன்று, மதியம் இல்லை, இரவு ஒன்று. எண் படிக்கத் தெரிந்தால் போதும். ஆனால் அந்த மூன்று எண்களுக்குப் பின்னால் வயிறு, ஈரல், சிறுநீரகம் எல்லாம் சேர்ந்து போடும் கணக்கு ஒன்று இருக்கிறது. அதைக் கவரில் எழுத இடம் கிடையாது. கவுண்டரில் சொல்ல நேரமும் கிடையாது, பின்னால் ஆறு பேர் நிற்பார்கள்.

அம்மாவின் மாத்திரைக்கு வருவோம். அதிலிருக்கும் தைராக்சின் சிறுகுடலின் சுவரைத் தாண்டி ரத்தத்துக்குள் போக வேண்டும். வெறும் வயிற்றில் போட்டாலே முழுதாகப் போகாது, கொஞ்சம் வீணாகத்தான் செய்யும். வாயில் போட்டதில் எத்தனை பங்கு ரத்தத்தை எட்டுகிறதோ அதை உயிர்ப்புக் கிடைப்பளவு என்று புத்தகத்தில் படித்தோம். ஊசியில் ரத்தக்குழாய் வழியாக ஏற்றினால் நூற்றுக்கு நூறு. விழுங்கினால் வழிநெடுகச் சுங்கச்சாவடி. காபி அப்படி ஒரு சாவடி. தைராக்சினைக் காபியோடு சேர்த்துப் போட்டவர்களுக்கு அது குடலில் சரியாக உறிஞ்சப்படவில்லை என்று இத்தாலி மருத்துவர்கள் 2008இல் எழுதியிருக்கிறார்கள். அவர்கள் குடித்தது பாலில்லாத எஸ்பிரஸோ. அம்மா குடித்தது கும்பகோணம் டிகிரி காபி, முக்கால் டம்ளர் பால். பாலில் இருக்கும் கால்சியம் தனிக் கதை. அது தைராக்சினைப் பிடித்து வைத்துக்கொண்டு குடல் சுவர் பக்கம் விடாது. இது போதாதென்று டிபன் முடிந்ததும் எலும்புத் தேய்மானத்துக்கு ஒரு கால்சியம் மாத்திரை. தைராய்டு மாத்திரைக்கும் அதற்கும் நடுவே நான்கு மணி நேரம் இடைவெளி வேண்டும். டாக்டர் அளவைக் கூட்டக் கூட்ட, அம்மா அதைக் காபியில் கரைத்துக் கொட்டிக்கொண்டிருந்தாள் என்றே சொல்லலாம்.

சரி, குடல் சுவரைத் தாண்டிவிட்டால் வேலை முடிந்ததா? இல்லை. குடலிலிருந்து கிளம்பும் ரத்தம் நேராக இதயத்துக்குப் போகாது. முதலில் ஈரலுக்குப் போகும். சாப்பாட்டோடு என்ன விஷம் வந்தாலும் ஊர் முழுக்கப் பரவுவதற்கு முன் பிடித்துச் சோதிக்கட்டும் என்று உடம்பு செய்துவைத்த ஏற்பாடு. ஈரலுக்கு மருந்தும் ஒன்றுதான், விஷமும் ஒன்றுதான். கையில் கிடைத்ததை உடைக்கும். இதற்கு 'முதல் கடப்பு' என்று பெயர். படபடப்புக்குக் கொடுக்கும் புரோப்ரனலாலில் முக்கால்வாசி இந்த முதல் சோதனையிலேயே போய்விடும். கம்பெனிக்காரனுக்கு அது தெரியும், அதனால் அந்த இழப்பையும் சேர்த்துத்தான் மாத்திரையின் அளவை வைத்திருப்பான்.

இதை நான் பரீட்சைக்காகப் படித்தது ஒரு காலம். மனசில் தைத்தது அப்பாவால். அப்பாவுக்கு நெஞ்சுவலி உண்டு. சட்டைப் பையில் எப்போதும் ஐந்து மில்லிகிராம் சார்பிட்ரேட் பட்டை இருக்கும். ஒருநாள் கடைத்தெருவில் வலி வந்து உட்கார்ந்துவிட்டார். பக்கத்தில் இருந்தவர் நல்ல மனுஷன், மாத்திரையை எடுத்து வாயில் போட்டு, "முழுங்குங்க ஐயா" என்று சோடாவையும் கொடுத்திருக்கிறார். அப்பா விழுங்கிவிட்டார். வலி அடங்கவில்லை. விழுங்கிய மாத்திரை வயிற்றில் கரைந்து, குடலுக்குப் போய், ஈரலில் பெரும்பகுதியைக் கப்பம் கட்டிவிட்டு மிச்சத்தோடு இதயத்துக்கு வந்து சேர வேண்டும். அதே மாத்திரையை நாக்குக்கு அடியில் வைத்திருந்தால்? அங்கே தோல் மெல்லியது. அதற்குக் கீழே ஓடும் ரத்தக்குழாய்கள் ஈரலைத் தொடாமல் நேரே இதயத்துப் பக்கம் போகிறவை. இரண்டு மூன்று நிமிடத்தில் வேலை தெரிய ஆரம்பிக்கும். நல்லவேளை, கடைப்பையன் ஒருவனுக்கு விஷயம் தெரிந்திருந்தது. இன்னொன்றை நாக்கடியில் வைத்து, ஆட்டோவில் ஏற்றி அனுப்பினான். அதற்கப்புறம் சார்பிட்ரேட் வாங்க யார் வந்தாலும், எத்தனை பேர் பின்னால் நின்றாலும், என் நாக்கைத் தூக்கிக் காட்டிச் சொல்லிவிடுவேன். உட்கார்ந்துகொண்டு வையுங்கள் என்றும் சொல்வேன், நின்றபடி வைத்தால் பிரஷர் இறங்கித் தலை சுற்றும்.

இந்த மாத்திரையின் மூத்த சகோதரன் நைட்ரோகிளிசரின், அதாவது டைனமைட்டுக்குள் இருக்கும் அதே சரக்கு. டைனமைட்டைக் கண்டுபிடித்த ஆல்ஃபிரட் நோபலுக்கே கடைசிக் காலத்தில் நெஞ்சுவலிக்கு நைட்ரோகிளிசரின்தான் எழுதிக் கொடுத்தார்கள். விதியின் வேடிக்கையைப் பார் என்று அவரே நண்பருக்குக் கடிதம் எழுதினாராம். அப்பாவிடம் சொன்னேன். "அப்ப வெடியத்தான் சட்டப்பையில வச்சிருக்கனா?" என்று கேட்டு, அடுத்த வாரம் முழுக்கத் தெருவில் எல்லோரிடமும் சொல்லிக்கொண்டிருந்தார்.

கவுண்டரில் அதிகம் கேட்கும் வார்த்தை 'வீரியம்'. "பாப்பா, 500 வேணாம், 650 குடு, அதுதான் வீரியம்." காய்ச்சல் மாத்திரைக்கு இது ஓரளவு சரி, இரண்டும் ஒரே பாரசிட்டமால். ஆனால் ஒரு மருந்தின் எண்ணை இன்னொரு மருந்தின் எண்ணோடு ஒப்பிட ஆரம்பித்தால் குழப்பம்தான். அம்மாவின் தைராய்டு மாத்திரை 100 மைக்ரோகிராம். 650 மில்லிகிராம் பாரசிட்டமால் அதைவிட ஆறாயிரத்து ஐந்நூறு மடங்கு எடை. அதனால் தைராக்சின் லேசான மருந்தா? ஒரு வேலையைச் செய்ய எத்தனை சிறிய அளவு போதும் என்பது ஒன்று. எவ்வளவு கூட்டினாலும் அந்த மருந்தால் எதுவரைக்கும் செய்ய முடியும் என்பது வேறொன்று. மருந்தியலில் இரண்டுக்கும் தனித்தனிச் சொல் இருக்கிறது. நம் ஊரில் இரண்டுக்கும் சேர்த்து வீரியம்.

இதில் என்னை ரொம்பக் கஷ்டப்படுத்துவது இன்ஹேலர். மூச்சிரைப்புப் பிள்ளையோடு வரும் அம்மாக்கள், "அந்த பம்பு வேணாங்க்கா, பழகிடுமாம், மாத்திரையே குடுங்க" என்பார்கள். சால்பியூட்டமால் மாத்திரை இரண்டு மில்லிகிராம், நான்கு மில்லிகிராம் என்று வருகிறது. நீல நிற இன்ஹேலரை ஒருமுறை அழுத்தினால் வருவது 100 மைக்ரோகிராம். நான்கு மில்லிகிராம் மாத்திரையில் நாற்பது அழுத்து மருந்து இருக்கிறது! மாத்திரை வயிறு, ஈரல், ரத்தம் என்று உடம்பு முழுக்கச் சுற்றி, மூச்சுக்குழாய்க்குக் கொஞ்சம் போய்ச் சேர வேண்டும். இன்ஹேலர் வேலை நடக்க வேண்டிய இடத்துக்கே போய்விடுகிறது. தெருமுனைக் குழாயில் ஒழுகினால் ஊர்த் தண்ணீர்த் தொட்டியையா மூடுவார்கள்?

மாத்திரை போட்டால் கை நடுங்குகிறது என்று அதே அம்மாக்கள் திரும்பி வருவார்கள். நடுங்கும். ஏன் என்பதுதான் எனக்கு இந்தப் படிப்பிலேயே ரொம்பப் பிடித்த இடம். மருந்துக்கு மூச்சுக்குழாய் எது, கை எது என்று தெரியாது. அதற்குத் தெரிந்ததெல்லாம் ஏற்பி. செல்லின் மேல் இருக்கும் ஒரு பூட்டு என்று வைத்துக்கொள்ளுங்கள். கேம்பிரிட்ஜில் லாங்லி என்பவர் நிக்கோட்டினையும், தென்னமெரிக்கப் பழங்குடிகள் அம்பில் தடவும் குராரே விஷத்தையும் தசையில் வைத்துப் பார்த்துவிட்டு, இரண்டும் ஒரே இடத்துக்குப் போட்டி போடுகின்றன, அங்கே 'ஏற்கும் பொருள்' ஒன்று இருந்தாக வேண்டும் என்று 1905இல் எழுதினார். அப்போது அதை யாரும் கண்ணால் பார்த்ததில்லை. சால்பியூட்டமால் பொருந்துகிற அதே வகைப் பூட்டு மூச்சுக்குழாய்த் தசையிலும் இருக்கிறது, கைத் தசையிலும் இருக்கிறது. மூச்சுக்குழாயில் திறந்தால் அதற்குச் சிகிச்சை என்று பெயர். கையில் திறந்தால் சைடு எஃபெக்ட். மருந்தைக் கேட்டால் இரண்டும் ஒரே வேலை என்றுதான் சொல்லும்.

சாவி எல்லாம் திறப்பதற்கு மட்டும் என்றும் இல்லை. அரிப்புக்குக் கொடுக்கும் செட்ரிசின், அவில் எல்லாம் பூட்டுக்குள் போய் உட்கார்ந்துகொண்டு, அரிப்பைக் கிளப்பும் ஹிஸ்டமினை உள்ளே விடாமல் அடைக்கிற சாவிகள். இதில் அவில் பழைய சாவி. மூளைக்கு இருக்கும் ரத்த வேலியையும் தாண்டிப் போய் அங்கேயும் அடைக்கும். தூக்கம் தள்ளும். லாரிக்காரர் வந்து அவில் கேட்டால், "இன்னைக்கு வண்டி எடுக்குறீங்களா?" என்று கேட்காமல் நான் தந்ததில்லை.

கல்லூரியில் எனக்கு அரியர் விழுந்த பாடம் அரை ஆயுள். ரத்தத்தில் இருக்கும் மருந்து பாதியாகக் குறைய எடுத்துக்கொள்ளும் நேரம். வரையறை ஒரு வரிதான். நூறு, ஐம்பது, இருபத்தைந்து, பன்னிரண்டரை என்று ஐந்து முறை பாதியானால் மூன்று சதவீதம்தான் மிச்சம். பாரசிட்டமாலுக்கு அது இரண்டு மூன்று மணி நேரம், அதனால்தான் காய்ச்சல் மறுபடி ஏறினால் மறுபடி போடுகிறோம். பிரஷருக்குத் தரும் அம்லோடிபினுக்கு முப்பது முதல் ஐம்பது மணி நேரம். நாளுக்கு ஒன்று போதும் என்பது அதனால்தான். இன்னொன்றும் இருக்கிறது, அதைத்தான் அன்று பரீட்சையில் கோட்டைவிட்டேன். இறங்க ஐந்து அரை ஆயுள் ஆகிறதென்றால், தினமும் போட்டு ஏறி ஒரு நிலையில் நிற்கவும் அதே ஐந்து அரை ஆயுள் ஆகும். அம்லோடிபினுக்கு ஒரு வாரம், பத்து நாள். மூன்றாம் நாளே பிரஷர் பார்த்துவிட்டு, "மாத்திரை வேலை செய்யலம்மா, வேற கம்பெனி குடு" என்று வருகிற தாத்தாவுக்கு நான் சொல்வது, "அரிசி இப்பத்தான் தாத்தா உலையில போட்டிருக்கு."

எல்லா மருந்தும் இப்படிப் பாதி பாதியாகக் குறையாது. சாராயத்தைப் பாருங்கள். ஒரே தராசு வைத்த ரேஷன் கடை மாதிரி. வரிசையில் பத்துப் பேர் நின்றாலும் நூறு பேர் நின்றாலும் மணிக்கு இத்தனை பேருக்குத்தான் போட முடியும். ஈரலின் தராசும் அப்படித்தான். வலிப்புக்குத் தரும் ஃபெனிடாயின் கொஞ்சம் கூடினாலும் இந்த நிலைக்கு வந்துவிடும். அளவை ஒரு சிட்டிகை கூட்டினால் ரத்தத்தில் அது மளமளவென்று ஏறி, ஆள் குடித்தவர் மாதிரி தள்ளாடுவார். நேற்று விட்டுப்போச்சு, இன்று இரண்டாகப் போட்டுக்கொள்கிறேன் என்று அந்த மாத்திரையில் விளையாடவே கூடாது.

அரை ஆயுளை வைத்து எல்லாவற்றையும் புரிந்துகொண்டோம் என்று நிமிர்ந்து உட்கார்ந்தால் ஆஸ்பிரின் வந்து தலையில் தட்டும். அதன் அரை ஆயுள் இருபது நிமிடம்கூட இல்லை. இதயநோய்க்காரர்கள் நாளுக்கு ஒரே ஒரு 75 மில்லிகிராம் போடுகிறார்கள். மீதி இருபத்து மூன்று சொச்சம் மணி நேரம்? ஆஸ்பிரின், ரத்தத்தை உறைய வைக்கும் ரத்தத் தட்டுகளுக்குள் இருக்கும் ஒரு நொதியின் மேல் முத்திரை குத்திவிட்டுப் போகிறது, அந்த முத்திரை அழியாது. ரத்தத் தட்டுக்கு உட்கரு கிடையாது, புதிதாக நொதி செய்துகொள்ள அதற்கு வழியில்லை. எட்டுப் பத்து நாள் ஆயுள் முடிகிறவரை ஊமையாகவே சுற்றும். குத்தியவன் எப்போதோ ஊரைவிட்டுப் போய்விட்டான், குத்திய தழும்பு இருக்கிறது. ஆஸ்பிரின் இப்படி நொதியைத் தடுத்துத்தான் வேலை செய்கிறது என்பதை 1971இல் கண்டுபிடித்த ஜான் வேனுக்கு 1982இல் நோபல் பரிசு கிடைத்தது. அதற்கு முன் ஏறக்குறைய எழுபது வருடமாக, எப்படி வேலை செய்கிறது என்று தெரியாமலே உலகம் அதை விழுங்கிக்கொண்டிருந்தது. பல் பிடுங்கப் போகும்போது டாக்டர் ஏன் ஆஸ்பிரினைப் பற்றிக் கேட்கிறார் என்பதற்கும் இதுதான் பதில். கேட்டால் உண்மையைச் சொல்லுங்கள். நீங்களாக நிறுத்திவிட்டுப் போகாதீர்கள், அது வேறு ஆபத்து.

போன மாதம் ஓர் அப்பாயி, நியூஸ்பேப்பரில் எதையோ மடித்துக்கொண்டு வந்து கவுண்டரில் வைத்தார். நல்லவேளை, கழுவித்தான் கொண்டுவந்திருந்தார். வெள்ளையாக, மெத்தென்று, மாத்திரை வடிவத்திலேயே ஒரு பொருள். "முழுசா அப்படியே வெளிய வந்துடுது பாப்பா. போலி மாத்திரையா குடுக்குற?" சர்க்கரைக்குத் தரும் மெட்ஃபார்மின், எஸ்ஆர் வகை. மருந்தை மெதுவாக விட்டுக்கொடுப்பதற்காகச் செய்த கூடு அது. உள்ளே இருந்த மருந்து குடலிலேயே இறங்கியிருக்கும், வெறும் கூடுதான் வெளியே வருகிறது என்று கால் மணி நேரம் சொன்னேன். நத்தை போனபிறகு கிடக்கும் ஓடு என்றதும் சிரித்தார். நசுக்கிப் போடாதீங்க, மெதுவாக இறங்க வேண்டிய மருந்து ஒரே நேரத்தில் இறங்கிவிடும் என்றும் சொல்லி அனுப்பினேன். அப்புறம் ஞாபகம் வந்து கூப்பிட்டு, சிறுநீரகச் சோதனை எப்போது செய்தீர்கள் என்று கேட்டேன். மெட்ஃபார்மினை ஈரல் உடைப்பதில்லை. வந்த உருவம் மாறாமல் சிறுநீரில்தான் போயாக வேண்டும். கிட்னி மந்தமானால் அது உடம்பிலேயே சேர்ந்துவிடும். அவர் சோதனை செய்து இரண்டு வருடம் ஆகியிருந்தது.

அம்மா கதையின் மிச்சம். அந்த மார்கழிக் காலையிலிருந்து அவளுக்குப் புதுச் சட்டம்: ஐந்து மணிக்குத் தண்ணீரோடு மாத்திரை, ஆறு மணிக்குக் காபி, கால்சியம் மத்தியானச் சாப்பாட்டுக்கு அப்புறம். ஒரு பெரிய கண்டுபிடிப்பு செய்த பெருமையோடு நான் ஊருக்குத் திரும்பினேன். ஒரு மாதம் கழித்து போன். "படபடன்னு வருதுடி. கை நடுங்குது. ராத்திரி தூக்கமே இல்ல."

தைராக்சினின் அரை ஆயுள் ஏறக்குறைய ஏழு நாள். ஐந்து அரை ஆயுள் என்றால் ஐந்து வாரம். அளவை மாற்றினால் ஆறு வாரம் கழித்து டெஸ்ட் எடு என்று எல்லா டாக்டரும் சொல்வது அதற்காகத்தான். 125 என்பது காபியில் பாதியைத் தொலைத்துக்கொண்டிருந்த அம்மாவுக்கு எழுதிய அளவு. இப்போது தொலையாமல் போய்ச் சேர்கிறது. வாரத்துக்கு வாரம் ரத்தத்தில் ஏறிக்கொண்டே வந்திருக்கிறது. காபியை நிறுத்தச் சொன்ன அன்றே டாக்டருக்குப் போன் செய்திருக்க வேண்டியவள் நான். டிஎஸ்எச் 0.1 என்று வந்தது. டாக்டர் என்னைத் திட்டவில்லை, அதுதான் கஷ்டமாக இருந்தது. 100க்கு இறக்கினார். அடுத்த ஆறு வாரம் கழித்து 2.8, சரியான இடத்தில் நின்றது.

"உன் படிப்பால எனக்கு ஒரு மாசம் தூக்கம் போச்சு" என்று அம்மா இப்போதும் சொல்கிறாள். ஐந்து மணிக்கு எழுந்து, மாத்திரையைப் போட்டுவிட்டு, காலி டம்ளரை முன்னால் வைத்துக்கொண்டு சுவர்க்கடிகாரத்தைப் பார்த்தபடி உட்கார்ந்திருக்கிறாளாம். ஐந்து ஐம்பதுக்கெல்லாம் பால் பொங்கிவிடுகிறது. அந்தக் கடைசிப் பத்து நிமிடத்தைக் குறைக்க முடியுமா என்று டாக்டரிடம் கேட்டுச் சொல்லச் சொல்லியிருக்கிறாள்.

கடையில் இப்போது தைராய்டு கவரில் 'வெறும் வயிற்றில், தண்ணீரோடு மட்டும், காபி ஒரு மணி நேரம் கழித்து' என்று எழுதுகிறேன். கவரில் இடம் போதவில்லை. பின்பக்கமும் எழுதுகிறேன்.